பன்னிரண்டாம் வகுப்பு இந்தோனேசிய மொழி, இலக்கியத் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடானில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் சரி, வேலைக்காக ஜகார்த்தா, பண்டுங் பக்கம் வந்து பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தவர்களும் சரி, கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் தரும் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்குக்கும் இயற்பியலுக்கும் பிம்பெல், அதாவது டியூஷன் சென்டர், தேடி அலையும் வீடுகளில் இந்தப் பாடம் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. பாதிக் கேள்விகள் அதனால் வருபவை.

முன்பு தேசியத் தேர்வு என்று ஒன்று இருந்ததே. இப்போது எதற்குத் தயாராக வேண்டும்?

உஜியான் நசியோனால் என்ற அந்தத் தேசியத் தேர்வு போய்விட்டது. 2020-இல் நடப்பதுதான் கடைசி என்று 2019 டிசம்பரில் அறிவித்தார்கள். கொரோனா வந்து மேல்நிலைப் பள்ளிகளுக்கு அதுவும் ரத்தானது. 2021-இல் தொடங்கிய தேசிய மதிப்பீடு பள்ளிகளை எடைபோடுவதற்கானது. தனி மாணவருக்கு மதிப்பெண் தராது. அந்த வெற்றிடத்தில் வந்ததுதான் தெஸ் கெமாம்புவான் அகடெமிக், அதாவது கல்வித் திறன் தேர்வு, சுருக்கமாக டி.கே.ஏ. பன்னிரண்டாம் வகுப்புக்கு 2025 நவம்பரில் முதல்முறையாக நடந்தது. இந்தோனேசிய மொழி, கணக்கு, ஆங்கிலம் மூன்றும் எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் இரண்டு விருப்பப் பாடங்கள்.

இது போக, பள்ளியே நடத்தும் இறுதித் தேர்வு உண்டு. ஆசிரியர் நினைத்தால் கட்டுரை எழுதச் சொல்லலாம், மேடையேற்றிப் பேசச் சொல்லலாம். ஆகவே உங்கள் பள்ளி ஆசிரியர் போன ஆண்டு என்ன கேட்டார் என்று மேல் வகுப்பு முடித்தவர்களிடம் முதலில் விசாரியுங்கள்.

டி.கே.ஏ. எழுதாவிட்டால் பள்ளிப் படிப்பு முடிந்ததாக ஆகாதா?

ஆகும். அது கட்டாயத் தேர்வு இல்லை. தேர்ச்சியை முடிவு செய்வது பள்ளிதான். ஆனால் ராப்போர், அதாவது மதிப்பெண் பட்டியல், அடிப்படையில் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் தரும் எஸ்.என்.பி.பி. வழியில் போக நினைப்பவர்கள் எழுதாமல் இருக்க முடியாது. 2026 சேர்க்கையிலிருந்து அங்கே டி.கே.ஏ. மதிப்பெண்ணும் பார்க்கப்படுகிறது. பள்ளிகள் ராப்போரில் தாராளமாக மதிப்பெண் போடும் பழக்கம் ஊரறிந்தது. அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது.

விருப்பப் பாடப் பட்டியலிலும் இந்தோனேசிய மொழி இருக்கிறதே?

அது 'உயர்நிலை இந்தோனேசிய மொழி'. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் தனிப் பாடமாக எடுப்பது. இலக்கியத்தை இன்னும் ஆழமாகப் பார்க்கும். கல்லூரியில் இலக்கியம், இதழியல், சட்டம் போன்றவற்றுக்குப் போகிறவர்கள் யோசிக்கலாம். 'தெரிந்த மொழிதானே, சுலபமாக மதிப்பெண் வாங்கலாம்' என்று எடுப்பவர்களை நான் தடுப்பதுண்டு.

என் பையன் வீட்டு வாசலைத் தாண்டினால் முழுக்க இந்தோனேசிய மொழிதான். பிறகு ஏன் மதிப்பெண் ஏறவில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அவன் தெருவில் பேசுவதற்கும் தேர்வில் படிப்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. தமிழில் பேச்சு வழக்குக்கும் தலையங்கத் தமிழுக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜகார்த்தாப் பிள்ளை நாள் முழுக்க 'ங்ஙாக்', 'உடாஹ்', 'கிமானா' என்று பேசும். தாளில் 'திடாக்', 'சுடாஹ்', 'பகைமானா' என்று இருக்கும். இவை தெரிந்த சொற்கள்தான். சிக்கல் வருவது வாக்கியத்தில். பேச்சில் ஏழெட்டுச் சொல்லில் முடியும் வாக்கியம் தலையங்கத்தில் மூன்று வரி ஓடும். இடையில் 'யாங்' போட்டு இணைத்த துணைவாக்கியம் இரண்டு இருக்கும். எழுவாய் எது என்று தேட வேண்டிவரும்.

மேடான் பிள்ளைகளுக்கு இன்னொரு வில்லங்கம். அங்கே சந்தைக்குப் பெயர் 'பாஜாக்'. மற்ற இடங்களில் 'பாஜாக்' என்றால் வரி. அங்கே 'கெரேத்தா' என்றால் மோட்டார் சைக்கிள். தாளில் 'கெரேத்தா' வந்தால் ரயில். வரிவிதிப்பு பற்றிய ஒரு பத்தியைப் படித்துவிட்டு, சந்தையில் அரசாங்கம் என்ன செய்கிறது என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். கெட்டிக்காரப் பெண். படித்த வேகம்தான் காலை வாரிவிட்டது.

இந்தத் தேர்வு சோதிப்பது நிதானமாகப் படிக்கத் தெரியுமா என்பதை. சரளமாகப் பேசுபவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள். பத்தியில் முதல் இரண்டு வரியைப் பார்த்ததும் 'புரிந்துவிட்டது' என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

ஒரே கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கும் என்கிறார்களே?

ஆம். வழக்கமான ஒற்றை விடைக் கேள்விகளோடு, சரியானவை எத்தனை இருந்தாலும் அத்தனையையும் குறிக்கச் சொல்லும் கேள்விகளும், ஒவ்வொரு கூற்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்று போடச் சொல்லும் கேள்விகளும் உண்டு. ஊகத்தில் தப்பிப்பது இங்கே நடக்காது.

ஓர் உதாரணம். பத்தியை நானே எழுதித் தமிழில் தருகிறேன்:

'ஆற்றங்கரைக் கடைகள் அகற்றப்பட்டபின் மாலைச் சந்தை வெறிச்சோடியது. காய்கறி விற்றவர்கள் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மாற்று இடம் எது என்று நகராட்சி இன்னும் அறிவிக்கவில்லை.'

கூற்றுகள் மூன்று. ஒன்று: வியாபாரிகள் நகராட்சி மீது கோபமாக இருக்கிறார்கள். இரண்டு: காய்கறி வியாபாரம் நின்றுவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. மூன்று: நகராட்சி மாற்று இடம் தர மறுத்துவிட்டது.

முதலாவதற்கு 'சரி' போடாத மாணவர்கள் குறைவு. கோபம் வருவது இயல்புதானே என்று வாதாடுவார்கள். இயல்புதான்; ஆனால் பத்தியில் கோபம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூன்றாவது இன்னும் நுட்பமான பொறி. 'இன்னும் அறிவிக்கவில்லை' வேறு, 'மறுத்துவிட்டது' வேறு. இரண்டாவது மட்டுமே நிற்கும். பத்தியில் அப்படியே எழுதப்படவில்லை என்றாலும் இரண்டாம் வாக்கியத்திலிருந்து தப்பாமல் கிடைக்கிறது. இந்தோனேசியப் பாடத்தில் வெளிப்படையாகச் சொன்னதை 'தெர்சுராத்' என்றும், உள்ளே பொதிந்திருப்பதை 'தெர்சிராத்' என்றும் பிரிப்பார்கள். உள்ளே பொதிந்திருப்பதும் உரையிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் மனத்திலிருந்து வரக்கூடாது.

என்னென்ன வகை உரைகள் வரும்?

மூன்று ஆண்டுகளில் பார்த்தவை எல்லாம். கவனித்து எழுதும் அறிக்கை, விளக்க உரை, செயல்முறை, வாதம், பேரம் பேசும் உரையாடல், வாழ்க்கை வரலாறு, தலையங்கம், நூல் மதிப்புரை, வேலைக்கான விண்ணப்பக் கடிதம். இலக்கியப் பக்கம் ஹிகாயாத் எனும் பழங்கதை, சிறுகதை, நாவல் பகுதி, கவிதை, நாடகம். ஒவ்வொன்றின் கட்டமைப்பையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. பள்ளித் தேர்வுக்கு அது உதவும். டி.கே.ஏ.வுக்கு, 'இந்தப் பத்தி இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

தலையங்கத்தை மட்டும் தனியாகப் பழகுங்கள். செய்தி எங்கே முடிகிறது, ஆசிரியரின் கருத்து எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது கேள்வியாக வந்துகொண்டே இருக்கும். எண்ணிக்கை இருந்தாலே அது தகவல் என்று நினைத்துவிடுகிறார்கள். 'வெறும் 3 மருத்துவர்கள்' என்ற தொடரில் 3 தகவல், 'வெறும்' கருத்து.

இலக்கியத்துக்கு நாவல்களை முழுதாகப் படிக்க வேண்டுமா? ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

டி.கே.ஏ.யில் பகுதியைக் கொடுத்துத்தான் கேட்பார்கள். படிக்காத நூலிலிருந்தும் வரும். ஆனால் பள்ளித் தேர்வில் இலக்கியத் தலைமுறைகள், அதாவது 'அங்காத்தான்', அடிக்கடி தலைகாட்டும். ஆண்டுகளைத் தனியாக உருப்போட்டால் நிற்காது. ஏன் என்று சேர்த்துப் படித்தால் நிற்கும்.

1920-களின் நாவல்களில் கட்டாயத் திருமணமும் அடாத் எனும் மரபோடு இளைஞர்கள் மோதுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. மாரா ருஸ்லியின் 'சித்தி நுர்பாயா' 1922-இல் வந்தது. வெளியிட்ட பாலாய் புஸ்தகா டச்சு அரசின் பதிப்பகம். அரசை விமர்சிக்கும் எழுத்து அந்த வாசலைத் தாண்டாது, குடும்பத்துக்குள் நடக்கும் சண்டை தாண்டும். 1933-இல் 'புஜங்கா பாரு' இதழ் தொடங்கியபோது படித்த இளைஞர்கள் தங்கள் மேடையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். தனிமனித மனமும் நவீன வாழ்வும் உள்ளே வந்தன. பிறகு ஜப்பானிய ஆக்கிரமிப்பு, விடுதலைப் போர். மேடானில் 1922-இல் பிறந்து 26 வயதில் மறைந்த கவிஞர் கைரில் அன்வாரின் வரிகள் சுருக்கமாகவும் முரட்டுத்தனமாகவும் இருப்பதற்குக் காலமும் ஒரு காரணம். 1966-ஐ ஒட்டி மாணவர் போராட்டத்தின் எதிர்ப்புக் கவிதைகள். பிரமூத்யா அனந்தா தூர், புரு தீவுச் சிறையில் எழுதக் கிடைக்காத நாட்களில் சக கைதிகளுக்கு வாயால் சொன்ன கதைதான் 1980-இல் 'பூமி மனுசியா' ஆனது. அடுத்த ஆண்டே தடை. 1998-இல் அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி விழுந்தபின் பேசாப் பொருள்கள் வெளிவந்தன.

இந்த அளவு தெரிந்தால் பள்ளித் தேர்வுக்குப் போதும். முழுதாகப் படிக்க ஒரே ஒரு நாவலாவது எடுங்கள். தேசிய நூலகத்தின் ஐபுஸ்னாஸ் செயலியில் இலவசமாக இரவல் கிடைக்கும். பிரபலமான நூல்களுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டிவரும்.

கதைப் பகுதியைக் கொடுத்துப் பாத்திரத்தின் குணம், 'அமானாத்' என்றெல்லாம் கேட்கிறார்கள். எப்போதும் தப்பாகப் போகிறது.

அமானாத் என்றால் கதை விட்டுச்செல்லும் செய்தி. பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலிருந்தே அதற்கு ஒரு பொது விடை வைத்திருக்கிறார்கள்: பெற்றோரை மதி, கடினமாக உழை, கடவுளை நம்பு. எந்தக் கதையைக் கொடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றைத் தேடுவார்கள். தேர்வு வைப்பவருக்கும் அது தெரியும். அந்த மூன்றையும் தவறான விடைகளாக அழகாக அடுக்கி வைத்திருப்பார்.

இப்படி ஒரு பகுதி வந்தால் என்ன செய்வீர்கள்? 'பாட்டி மேசையில் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். சற்று நின்றாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.'

இதில் பாட்டி சோகமாக இருக்கிறாள் என்று எழுத்தாளர் சொல்லவே இல்லை. இரண்டு தட்டு, ஒருவரோடு சாப்பிட்ட பழக்கத்தைச் சொல்கிறது. சற்று நின்றது, அவர் இல்லை என்று நினைவு வந்த கணம். ரேடியோவை ஏன் கூட்டினாள்? அமைதி தாங்கவில்லை. குணத்தை நேராகச் சொல்லாமல் செயலில் காட்டுவதை 'டிரமாத்திக்' உத்தி என்பார்கள். 'அவள் தனிமையில் வாடினாள்' என்று எழுதினால் அது 'அனாலிதிக்'. விடையில் இந்தப் பெயரைக் குறிப்பதோடு நிற்காமல், எந்தச் செயல் எதைக் காட்டுகிறது என்று விரல் வைத்துச் சொல்லுங்கள். பள்ளித் தேர்வில் எழுதும் விடைக்கு இதில்தான் மதிப்பெண் கூடும். இந்தப் பகுதியில் அமானாத் என்று தனியாக எதுவும் இல்லை; கேட்கப்பட்டால், இழப்புக்குப் பிறகும் பழைய பழக்கம் உடனே விடுவதில்லை என்ற அளவோடு நிறுத்துங்கள்.

பந்துன், ஷாயிர், குரிந்தாம்: எது எது என்று குழம்புகிறது.

பந்துன் நான்கு அடி. ஈற்றொலி அ-ஆ-அ-ஆ என்று மாறி மாறி வரும். அடிக்கு 8 முதல் 12 அசை. முதல் இரண்டடி 'சம்பிரான்', ஒலிக்கும் காட்சிக்கும். பின்னிரண்டு 'இசி', சொல்ல வந்த விஷயம். வகுப்புக்காக நான் கட்டிய ஒன்று:

பெலி மங்கா டி பாசார் பெத்திசாஹ்,
டிபாவா பூலாங் சி ஆடிக் கெசில்;
கலாவ் பெலாஜார் ஜாங்ஙான் கெலிசாஹ்,
செடிகித்-செடிகித் இல்மு டியம்பில்.

பெத்திசா சந்தையில் மாங்காய் வாங்கினேன், சின்னத் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போனாள். படிக்கும்போது பதறாதே, கொஞ்சம் கொஞ்சமாக அறிவை எடுத்துக்கொள். மாங்காய்க்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் 'பெத்திசாஹ்–கெலிசாஹ்', 'கெசில்–டியம்பில்' என்ற ஒலியில் இருக்கிறது. தேர்வில் ஓர் அடியை விட்டுவிட்டு நிரப்பச் சொன்னால், பொருளைத் தேடுமுன் ஈற்றொலியைப் பாருங்கள்; ஐந்தில் இரண்டு மூன்று விடை அங்கேயே கழிந்துவிடும்.

ஷாயிர் நான்கடியும் ஒரே ஈற்றொலி. நான்குமே விஷயம், சம்பிரான் கிடையாது. பல பாடல் சேர்ந்து கதை சொல்லும். குரிந்தாம் இரண்டே அடி: முதலடி ஒரு நிலை அல்லது செயல், இரண்டாமடி அதன் விளைவு. புகழ்பெற்றது ராஜா அலி ஹாஜி பெஞங்ஙாத் தீவில் 1847-இல் எழுதிய 'குரிந்தாம் டுவா பெலாஸ்'. இந்த வடிவம் தமிழிலிருந்து வந்தது என்று இங்குள்ள பள்ளிப் புத்தகங்களே சொல்கின்றன; நம் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

புதுக்கவிதை?

யார் பேசுகிறார், யாரிடம், எந்த நேரம். இந்த மூன்றுக்கும் விடை கண்டபின் உவமை, உருவகம், மிகை என்று 'மஜாஸ்' பெயர்களைத் தேடுங்கள். தலைகீழாகச் செய்வதால்தான் கவிதை பூதமாகத் தெரிகிறது.

இலக்கணத்தில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

முதலில் 'மெ-' முன்னொட்டு. க, ப, ச, த ஒலியில் தொடங்கும் வேர்ச்சொல் அந்த முதல் ஒலியை இழக்கும்: துலிஸ் – மெனுலிஸ், பாகாய் – மெமாகாய், கிரிம் – மெங்ஙிரிம், சாப்பு – மெஞாப்பு. முதலில் இரண்டு மெய் சேர்ந்திருந்தால் இழக்காது: புரோசெஸ் – மெம்புரோசெஸ். தாக்கம் என்று பொருள்படும் 'பெங்ஙாருஹ்' விதிப்படி 'மெமெங்ஙாருஹி' ஆகும். நாளேட்டிலும் மேடையிலும் 'மெம்பெங்ஙாருஹி' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது, சரியானதைத் தப்பு என்று சொல்லும்.

அடுத்து 'டி'. இடத்தைக் குறித்தால் பிரித்து எழுத வேண்டும், செயப்பாட்டு வினையில் சேர்த்து. சுலபமான விதி, ஆனால் நகரத்துப் பலகைகளில் பாதி இதை மீறியே நிற்கின்றன.

மூன்றாவது 'கலிமாத் எஃபெக்திஃப்', செம்மையான வாக்கியம். பள்ளி வாசலிலேயே இப்படி ஓர் அறிவிப்பு தொங்கும்: 'பாகி சிஸ்வா யாங் தெர்லம்பாத் ஹாருஸ் மெலாபோர் கெ கந்தோர்.' தமிழில் அப்படியே சொன்னால், 'தாமதமாக வரும் மாணவர்களுக்கு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்'. யார் தெரிவிப்பது? 'பாகி' என்ற சொல் எழுவாயை விழுங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும். 'பாரா' போட்டபின் மறுபடியும் 'சிஸ்வா-சிஸ்வா' என்று இரட்டித்துப் பன்மை ஆக்குவது, 'அகார்' என்றபின் அதே பொருள் தரும் 'சுபாயா'வும் சேர்ப்பது இந்த வரிசையில் வரும் மற்ற பழைய நண்பர்கள்.

எழுத்துமுறை விதிகள் அடிக்கடி மாறுகின்றனவே, எதைப் படிப்பது?

2022-இல் வந்த இ.ஒய்.டி. ஐந்தாம் பதிப்பு. வீட்டில் அண்ணன் வைத்துப்போன 2015 கையேட்டைக் கடாசிவிட வேண்டாம், பெரும்பகுதி அதேதான். ஆனால் சந்தேகம் வந்தால் புதியதுதான் தீர்ப்பு. சொல்லுக்கு அரசின் பேரகராதியான கே.பி.பி.ஐ., இணையத்தில் இலவசம். 'ரிசிகோ' சரி, 'ரெசிகோ' தப்பு; 'அப்போதெக்' சரி, 'அப்போதிக்' தப்பு; 'நசிஹத்' சரி, 'நசெஹத்' தப்பு.

பழைய தேசியத் தேர்வு வினாத்தாள்கள் பயன்படுமா?

உரைகளுக்காகப் பயன்படும். 120 நிமிடத்தில் 50 கேள்வி என்ற அந்தத் தாளின் வேகம் நல்ல பயிற்சி. ஆனால் எல்லாம் ஒற்றை விடைக் கேள்விகள். எனவே விடையைக் குறித்தபின், மற்ற நான்கும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். 'உரையில் இல்லை', 'மிகைப்படுத்தியது', 'பாதி உண்மை', 'வேறு பத்திக்கு உரியது' என்ற நான்குக்குள் ஏறக்குறைய எல்லாமே அடங்கும். ஓரிரு வாரத்தில் எந்தப் பொறியில் நீங்கள் அதிகம் விழுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். புதிய வகைக் கேள்விகளுக்குக் கல்வி அமைச்சு வெளியிடும் கிசி-கிசி என்ற பாடவரையறையும் மாதிரித் தேர்வும் இருக்கின்றன. பிம்பெல் விற்கும் தடித்த புத்தகத்துக்கு முன் அவற்றைப் பாருங்கள்.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?

யு.டி.பி.கே.யில் இந்தோனேசிய மொழி வாசிப்புக்கு ஒரு பகுதியும், படித்துப் புரிந்து எழுதும் திறனுக்கு ஒரு பகுதியும் உண்டு. இரண்டாவதில் மேலே சொன்ன வாக்கியத் திருத்தமும் எழுத்துமுறையும் வரும். அடிப்படை ஒன்றே, நேரம்தான் இன்னும் நெருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

பன்னாட்டுப் பள்ளியில் ஐ.பி. எனும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும் என் மகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

கதைப் பகுதி பற்றிச் சொன்னது பொருந்தும். மற்றபடி அது வேறு உலகம். அங்கே முதல் தாளில் முன்பின் பார்க்காத பகுதியை அலசிக் கட்டுரை எழுத வேண்டும். இரண்டாம் தாளில் படித்த இரண்டு படைப்புகளை ஒப்பிட வேண்டும். அதோடு வாய்மொழித் தேர்வு. நாவல்களை முழுதாக, இரண்டு முறையாவது படிக்காமல் தப்பிக்க வழியில்லை.

ஊரிலிருந்து பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தவன். மற்றவர்களைப் பிடிக்க முடியுமா?

இலக்கணத்தில் பிடித்துவிடுவான்; காலம் காட்டும் வினைவிகுதி இல்லாத மொழி. சொல்வளத்தில்தான் நேரம் ஆகும். வெளிநாட்டவருக்கான பிபா வகுப்புகள் தொடக்கத்துக்கு நல்லவை. எங்கே நிற்கிறான் என்று பார்க்க உக்பி எனும் அரசுத் தேர்வு இருக்கிறது. கேட்டல், மொழிவிதி, வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று அளந்து ஏழு தரங்களில் ஒன்றைத் தரும்.

இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. தினமும் எவ்வளவு?

அரை மணி நேரம், ஆனால் தினமும். வார நாட்களில் ஒரு தலையங்கம். 'கொம்பாஸ்' நாளேட்டில் 'தாஜுக் ரெஞ்சானா' என்ற தலைப்பில் வரும். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வரிச் சுருக்கம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதே நாளேட்டில் ஒரு சிறுகதை. கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை ட்ரைஅவுட், அதாவது மாதிரித் தேர்வு, கணினியில். காகிதத்தில் கோடு போட்டுப் படித்துப் பழகியவர்களுக்குத் திரையில் நீண்ட பத்தியை ஏற்றி இறக்கிப் படிப்பது முதலில் தலைவலியாக இருக்கும். கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போங்கள்.

எங்களுக்கே இந்தோனேசிய மொழி அரைகுறை. வீட்டில் எப்படி உதவுவது?

அது குறையே இல்லை. பிள்ளை படித்த பத்தியை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரிந்த இடத்தைக் கடகடவென்று சொல்லும். புரியாத இடத்தில் 'அதாவது... அந்த மாதிரி...' என்று இழுக்கும். அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.